பாதிச் சுவர்

சாண்ட் ஃபோர்க், நெப்ராஸ்கா
4 ஆகஸ்ட் 1988

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

கர்த்தர் கிருபையால் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணனின் முட்டிவலி தேவலையா? அண்ணிக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? பெனிக்கு என் முத்தங்கள்.

அண்ணா, ஒரு கவலை. நான் வேலை செய்கிற கவுண்டி ஆஸ்பத்திரி நஷ்டத்தில் ஓடுகிறது. கவுண்டி என்றால் நம் தாலுகா மாதிரி. நவம்பர் எட்டாம் தேதி ஜனாதிபதி தேர்தல். அன்றைக்கே அதே சீட்டில் இன்னொரு கேள்வியும் இருக்குமாம்: ஆஸ்பத்திரிக்காக நிலவரியைக் கொஞ்சம் கூட்டலாமா, வேண்டாமா? வேண்டாம் என்று வந்தால் மார்ச்சில் பூட்டிவிடுவார்கள்.

எனக்கு நிரந்தர விசாவுக்கு எழுதிப் போட்டிருப்பது இந்த ஆஸ்பத்திரிதான். அது கிடைத்தால்தான் பெனியை இங்கே அழைத்துக்கொள்ள முடியும். பூட்டிவிட்டால் அந்தக் காகிதம் குப்பைக்குப் போகும். அவள் அப்பா இறந்து, அவளை உங்களிடம் விட்டு நான் விமானம் ஏறி மூன்று வருஷம் முடிந்துவிட்டது. போட்டோவில் அவள் முகம் மாறிக்கொண்டே போகிறது.

இவர்கள் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஒரு கட்சிக்கு யானை, இன்னொன்றுக்குக் கழுதை. இந்தக் கவுண்டி தாத்தா காலத்திலிருந்து யானை. யானைக்காரர்களுக்கு வரி என்ற வார்த்தையே ஆகாது. ஜெபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
செல்வமேரி


பெருங்களத்தூர்
24 ஆகஸ்ட் 1988

அன்புத் தங்கை செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் எல்லோரும் சுகம். முட்டிவலி என்னோடு ரயில்வே கார் ஷெட்டுக்கு வேலைக்கு வந்து என்னோடு வீட்டுக்குத் திரும்புகிறது, நல்ல சிநேகிதன். அண்ணிக்கு மழைக்காலம் வந்தால்தான் தெரியும்.

கழுதைச் சின்னத்தை நம்ப முடியாமல் இரண்டு தடவை படித்தேன். யூனியன் ஆபீசில் சொன்னேன். நம் தாவீது, "இன்னா அசரியா, கழுதைய காட்டி ஓட்டு கேட்டா இங்க டெபாசிட் வருமா?" என்று சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டான். இங்கே கவர்னர் ஆட்சி நடக்கிறது. எலக்ஷன் எப்போது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆனால் சுவரெல்லாம் இப்போதே ரிசர்வ் ஆகிவிட்டது.

பெனிக்கு முன்பல் ஒன்று விழுந்தது. இங்கிலீஷில் வகுப்பில் இரண்டாவது. அண்ணியைச் சரசும்மா என்றுதான் கூப்பிடுகிறாள், அவள் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குகிறாள்.

அந்த ஆஸ்பத்திரி வரி விஷயத்தை விவரமாக எழுது. ஜெயிக்குமா, தோற்குமா? யார் யார் எந்தப் பக்கம்? தோற்றால் உடனே நீ கிளம்பி வரவேண்டியதுதானா, வேறு வழி இல்லையா?

உன் அண்ணன்,
அசரியா


சாண்ட் ஃபோர்க்
14 செப்டம்பர் 1988

அன்புள்ள அண்ணா, அண்ணி,

எல்லோரும் சுகமென்று அறிந்து நிம்மதி. எனக்குக் காலில் வீக்கம், நின்றே வேலை செய்வதால்தான். பயப்பட வேண்டாம்.

விவரம் கேட்டீர்கள். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி எட்னா பக்கத்து வீட்டில் இருக்கிறாள். எழுபது வயது, விதவை, கொஞ்சம் நிலம் இருக்கிறது. நான் வந்த முதல் குளிர்காலத்தில் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டவள். அவள் தம்பி வால்டரின் நிலத்தைப் போன வருஷம் பேங்க் ஏலம் விட்டுவிட்டது. ஏலத்தன்று ஊரே கூடி நின்றது; யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வால்டரும் இந்தத் தடவை யானைக்குத்தான். நான் கேட்டேன்: "உங்கள் நிலம் போனபோது அந்தக் கட்சிதானே ஆட்சியில் இருந்தது?" அவர் கோபப்படவில்லை. "நிலத்தை எடுத்தது பேங்க். கட்சி என் அப்பாவுடையது" என்றார். நம் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வரவே இல்லை, அவரும் சின்னத்தை மாற்றவே இல்லை.

இங்கே சுவரில் எழுத மாட்டார்கள். வீட்டு முன்னால் புல்தரையில் ஒரு சின்னப் பலகை நடுகிறார்கள். அதைப் பார்த்தே இன்னார் இந்தப் பக்கம் என்று ஊர் கணக்குப் போடுகிறது. எங்கள் தலைமை நர்ஸ் டோரிஸ், "ஆஸ்பத்திரிக்கு ஆம்" என்ற பலகையை எனக்குக் கொடுத்திருக்கிறாள். எட்னாவோ, "புது வரி வேண்டாம்" என்ற பலகையை நட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள். தரை அவளுடையது. பிழைப்பு ஆஸ்பத்திரியினுடையது. எனக்கோ இங்கே ஓட்டே இல்லை, நான் இந்த நாட்டுப் பிரஜை இல்லையே. யாரைப் பகைத்துக்கொள்வது? உங்களுக்குத்தான் இந்த எலக்ஷன் சூட்சுமமெல்லாம் தெரியும். உடனே எழுதுங்கள்.

செல்வம்


பெருங்களத்தூர்
28 செப்டம்பர் 1988

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன். கால் வீக்கத்துக்கு வெந்நீரில் உப்புப் போட்டு வை.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நம் வீட்டுச் சுவரையே எடுத்துக்கொள். இந்த வீட்டை நீ இன்னும் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்து நீளச் சுவர், கட்சிக்காரன் கண்ணுக்கு அல்வா. துரைராஜ் ஒரு கட்சியிலிருந்து வந்தான், இன்னொரு கட்சியிலிருந்து வேறு ஆள் வந்தான். நான் நடுவில் ஒரு கோடு போட்டேன். அந்தப் பாதி உனக்கு, இந்தப் பாதி அவனுக்கு. இரண்டு பேரும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீடு கட்டிக் குடியிருப்பவன் ஊர்ப்பகை வாங்க முடியுமா?

நீயும் அப்படியே செய். இரண்டு பலகையையும் நடு. வேற்றூர்க்காரி நீ. இருவருக்கும் நல்லவளாக இரு. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

பெனி நலம். திருநீர்மலைப் பக்கம் ஸ்கூலில் பிக்னிக் கூட்டிப் போனார்கள். மலைப்படி முழுக்க ஓடியே ஏறினாளாம்.

அண்ணன்,
அசரியா


சாண்ட் ஃபோர்க்
19 அக்டோபர் 1988

அன்புள்ள அண்ணா,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உப்பு வெந்நீரில் வீக்கம் வடிந்துவிட்டது.

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். கார் ஷெட் வாசலில் ஒரே கொடியைப் பிடித்துத் தொண்டை கிழியக் கத்தின எங்கள் அண்ணனே பாதிச் சுவர் கொடுத்தார் என்றால், வீடு கட்டினவன் பாடு அப்படித்தான் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன். வாசற்படிக்கு இந்தப் பக்கம் "ஆம்", அந்தப் பக்கம் "வேண்டாம்".

ஆனால் நான் நினைத்த மாதிரி நடக்கவில்லை, அண்ணா. போகிற கார்கள் மெதுவாகி, பார்த்துவிட்டுப் போகின்றன. உள்ளூர்ப் பேப்பரில் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். டோரிஸ் என்னிடம் வார்டு விஷயம் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. கடையில் ஒருத்தர், "ஆஸ்பத்திரி நர்சுக்கே சந்தேகமென்றால் நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும்?" என்று என் காதுபடவே சொன்னார். ஒன்றைப் பிடுங்கிவிடலாமா என்றால், எதைப் பிடுங்கினாலும் இப்போது அதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடும்.

பெனியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு நாளாயிற்று.

செல்வம்


சாண்ட் ஃபோர்க்
10 நவம்பர் 1988

அன்புள்ள அண்ணா, அண்ணி,

சுகமா? என் போன கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.

தோற்றுவிட்டது. யானை எப்போதும் போல் கவுண்டியை வாரிக்கொண்டு போனது, அது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஆஸ்பத்திரி தோற்றது தாம்பரத்தில் ஒரு பல்லாவரம் பஸ்ஸில் ஏறுகிற ஆட்கள் அளவு ஓட்டில்தான். யானைக்காரர்களில் பாதிப் பேர் வரிக்கு "ஆம்" போட்டிருக்கிறார்கள்! ஏலத்தில் நிலத்தை இழந்த வால்டரும் "ஆம்". அவர் பேரன் எங்கள் ஆஸ்பத்திரியில் பிறந்தவன்.

எட்னா நேற்று ஒரு பாத்திரம் சூப்போடு வந்து உட்கார்ந்தாள். மகளைப் பற்றி அப்போதுதான் அவளிடம் சொன்னேன். விசா, காகிதம், எல்லாம். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன் என்னிடம் கேட்கவில்லை? எனக்காக ஆம் போடு, என் பிள்ளை வரவேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போட்டிருப்பேன். என் தேவாலயத்துப் பெண்களையும் போடச் சொல்லியிருப்பேன். நீ இரண்டையும் நட்டாய். உனக்கு எதுவும் பெரிசில்லை என்று நினைத்துவிட்டேன்" என்றாள்.

ஐம்பது வருஷம் கட்சி மாறாதவர்கள், பக்கத்து வீட்டுக்காரி வாய் திறந்து கேட்டால் மாறுவார்கள். அது எனக்குத் தெரியாமல் போயிற்று. அண்ணா, எனக்கு அழுகை நிற்கவில்லை.

செல்வம்


பெருங்களத்தூர்
29 நவம்பர் 1988

அன்புத் தங்கைக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். மழை ஓயாமல் பெய்வதால் அண்ணிக்கு இழுப்பு, இப்போது பரவாயில்லை.

கலங்காதே. கொடுத்தவர் எடுத்தார். ஊர் என்று ஒன்று உனக்கு இல்லையா, வீடு இல்லையா? நேராகப் புறப்பட்டு வா. மாடியில் ஓர் அறை எழுப்பியிருக்கிறேன், காற்று நன்றாக வரும். உன் வேலைக்கும் கவலையில்லை. குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அக்டோபரிலேயே சொல்லிவைத்திருக்கிறேன். வெளிநாட்டு அனுபவம் என்றதும் அந்த டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். பெனி இங்கேயே படிப்பாள். எல்லோரும் ஒரே கூரையில் இருப்போம். இதைவிட என்ன வேண்டும்?

மார்ச்சில் எந்தத் தேதி என்று மட்டும் எழுது.

அண்ணன்,
அசரியா


பெருங்களத்தூர்
26 ஜனவரி 1989

அன்புள்ள அம்மாவுக்கு உங்கள் மகள் பெனினாள் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் நலமா? அங்கே பனி பெய்கிறதா?

போன சனிக்கிழமை இங்கே எலக்ஷன். ஸ்கூல் லீவு. மாமாவும் சரசும்மாவும் ஓட்டுப் போட்டு விரலில் மை வைத்துக்கொண்டு வந்தார்கள். நானும் பேனா மையால் வைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது. துரைராஜ் அங்கிள் பெயிண்ட் டப்பாவோடு வந்து, "அசரியா, இத்தினி வருசமா கேக்கறேன், பாதி செவுராவது வுடுப்பா, பாதி போதும்" என்றார். மாமாவுக்கு ரொம்பக் கோபம் வந்துவிட்டது. "வூடு கட்டின நாள்லருந்து இந்தச் செவுத்துல ஒரே கட்சிதான். பாதி குடுக்கறவன் ரெண்டு பேருக்கும் துரோகி, போய்யா" என்று கத்தி டப்பாவைத் தள்ளிவிட்டார். தெருவெல்லாம் மஞ்சள் பெயிண்ட். என் பாவாடையிலும் பட்டுவிட்டது. சரசும்மா மண்ணெண்ணெய் போட்டுத் துவைத்தார்கள், போகவில்லை.

நீங்கள் இங்கேயே வந்துவிடுவீர்கள் என்று மாமா சொல்கிறார். வந்தால் மாடி ரூமில் நீங்கள் மட்டும் படுப்பீர்களா, நானும் வரவேண்டுமா? சரசும்மா தனியாகப் படுத்தால் அவர்களுக்கு இருமல் வரும்.

இந்தக் கடிதத்தை நானே எழுதி, நானே தபால் பெட்டியில் போடுகிறேன்.

முத்தங்களுடன்,
பெனி


பெருங்களத்தூர்
6 மார்ச் 1989

அன்புத் தங்கைக்கு,

நலமா? கிறிஸ்மஸ் வாழ்த்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் எழுதிய இரண்டு கடிதங்கள் கிடைத்தனவா? பெனி வாசலிலேயே நின்று தபால்காரரைப் பார்க்கிறாள். அவளும் உனக்கு எழுதினாளாம். என்ன எழுதினாள் என்று கேட்டால், எலக்ஷன் பற்றி என்கிறாள்.

பதில் போடு, செல்வம். கோபமென்றால் கோபமென்றாவது எழுது.

அசரியா


லிங்கன், நெப்ராஸ்கா
2 ஏப்ரல் 1989

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. மனதாரத்தான் எழுதுகிறேன், எழுதுவதற்குத்தான் இத்தனை நாளாயிற்று.

ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டார்கள். கடைசி நாள் டோரிஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எட்னா சும்மா இருக்கவில்லை. தேவாலயம் தேவாலயமாகத் தொலைபேசியில் பேசி, இந்த லிங்கன் நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். இந்தத் தடவை நான் வாய்விட்டுக் கேட்டேன், அண்ணா. விசாவுக்கு இவர்கள் புதிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். அது வருவதற்கு முன்பே பெனியை அழைத்து என்னோடு வைத்துக்கொள்ள வழி இருக்கிறது என்று இங்குள்ள வக்கீல் சொல்கிறார். முதலிலேயே ஒரு வக்கீலைக் கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லாமல் போயிற்று.

பெனியின் கடிதம் பிப்ரவரியில் வந்தது. நம் வீட்டுச் சுவரில் கட்டின நாளிலிருந்து ஒரே கட்சிதானாம். பாதி கொடுக்கிறவன் இரண்டு பேருக்கும் துரோகியாம். குழந்தை பொய் எழுத மாட்டாள். நான் முதலில் சிரித்தேன், பிறகு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

எனக்கு இந்த ஊரில் ஓட்டில்லை என்று எழுதியிருந்தேன். அது தப்பு. ஓட்டில்லாத இரண்டு பேர் அங்கே ஓட்டுப் போட்டோம். ஒருத்தி நான். இன்னொருவர் பெருங்களத்தூரில் இருந்தார், தேர்தலுக்கு முன்பே அக்டோபரில் எனக்குக் குரோம்பேட்டையில் வேலைக்குச் சொல்லிவைத்தவர். அவருக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு இப்போது தெரியும். என்னிடம் அதைக் கேட்டிருக்கலாம், அண்ணா. "பெனி இல்லாமல் எங்களால் முடியாது" என்று ஒரு வரி. நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம்.

மூன்று வருஷத்துக்கு மேலாக என் பிள்ளைக்குத் தலை வாரி, சோறூட்டி, இருமலோடு பக்கத்தில் படுத்துத் தூங்க வைத்த அண்ணியின் காலில் விழுந்தாலும் என் கடன் தீராது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மே கடைசியில் நான் வருகிறேன், பெனியை அழைத்துக்கொண்டு போக. சுவரில் கோடு போடலாம், பிள்ளையில் முடியாது.

உங்கள் தங்கை,
செல்வமேரி


பெருங்களத்தூர்
25 ஏப்ரல் 1989

அன்புத் தங்கை செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணிக்கு நானே வாசித்துக் காட்டினேன். சுவர் வரைக்கும் வாசித்து நிறுத்தியதும், "அதையும் வாசிங்க" என்றாள். வாசித்தேன்.

சுவரைப் பற்றி நான் இப்போது என்ன எழுதினாலும் அது இன்னொரு பாதியாகத்தான் இருக்கும். ஆகவே எழுதவில்லை. எனக்கு மனசு தாங்கவில்லை, அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

பெனிக்குச் சொல்லிவிட்டோம். முதலில் பனியைப் பற்றிக் கேட்டாள். பிறகு, "சரசும்மாவும் வர்றாங்களா?" என்றாள். இல்லை என்றதும் கட்டிலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. நீ வந்ததும் அவசரப்படாதே. முள்ளில்லாத மீன் என்றால்தான் தின்பாள். விளக்கை அணைத்தால் பயப்படுவாள். தலையில் எண்ணெய் வைக்கும்போது கதை சொல்ல வேண்டும், எந்தக் கதையானாலும் பரவாயில்லை. மீதியை உன் அண்ணி நேரில் சொல்வாள். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மே மாதத்துக்குள் தேறிவிடுவாள்.

இன்று பள்ளிக்கூடத்துக்குப் போய் டி.சி.க்கு எழுதிக் கொடுத்தேன். "இன்னா காரணம்னு போடறது சார்? வெளியூர் போறாங்கன்னு போட்டுடுங்க, போதும்" என்றார் அங்கிருந்த கிளார்க். வேண்டாம் என்று சொல்லி, நானே பேனாவை எடுத்து, "தாயிடம் செல்கிறாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டாள், "முழுசா எழுதிட்டீங்களா?"

முழுசாகத்தான் எழுதியிருக்கிறேன், செல்வம். வா.

உன் அண்ணன்,
அசரியா